மலை தெரியாத படங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் வேட்டைப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். எதிலும் மலை இருக்காது. நான் இருப்பேன், என் கணவன் ஆர்லோ இருப்பான், நடுவில் பெரிய கொம்போடு ஓர் எல்க் மான் கிடக்கும், பின்னால் நீலத் தார்ப்பாய் தொங்கும். மொன்டானாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அதை மறைத்துப் படமெடுக்க ஆர்லோ பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு முகடு தெரிந்தால் போதும், ஊரில் எவனாவது இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். அடுத்த வருஷம் அங்கே கால் வைக்க இடமிருக்காது.

காடு அரசாங்கத்துடையது. உரிமச் சீட்டு வாங்கியவர் யார் வேண்டுமானாலும் போகலாம், சுடலாம். அதனால்தான் இடத்தைப் பொத்திப் பொத்தி வைக்கிற புத்தி எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. பாதிரியார்கூட வேட்டை இடம் எது என்று கேட்டால் பொய்தான் சொல்வார். யாரும் அதைப் பாவமாக நினைப்பதில்லை.

எங்கள் இடத்துக்கு நாங்கள் வைத்த பேர் 'அத்தை வீடு'. ஆர்லோவுக்கு மிர்ட்டில் என்று ஓர் அத்தை இருந்தாள். எந்த நேரத்தில் போனாலும் தட்டு நிறையச் சோறு போட்டுத்தான் அனுப்புவாள். இந்த இடமும் அப்படித்தான், எங்களை வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. உச்சிக்குக் கீழே ஒரு பள்ளம், மூன்று பக்கமும் ஊசியிலை மரங்கள், நடுவில் புல்வெளி, ஓர் ஊற்று. கல்யாணமான புதிதில் வழி தவறிப்போய் நாங்கள் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வண்டியை முகட்டுக்கு அந்தப் பக்கம், சம்பந்தமே இல்லாத ஒரு பாதையின் வாசலில் நிறுத்திவிட்டு, இருட்டில் தோள்பட்டை மாதிரி இருக்கும் ஒரு சரிவைத் தாண்டி நடப்போம். யாராவது வண்டியைப் பார்த்தால் தப்பான மலையில் எங்களைத் தேடட்டும் என்றுதான். எங்களைத் தேடியே பூட்ஸைத் தேய்த்தவன் பக்கத்துப் பண்ணை வெண்டல். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து விசாரித்திருக்கிறான். அவள் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டு, "அத்தை வீட்டுக்குப் போனோம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இந்த மார்ச்சில் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தபோது ஆர்லோவுக்கு மாரடைப்பு வந்தது. மண்வெட்டியைச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் விழுந்தான், அவன் அப்படிப்பட்ட ஆள். ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், மெதுவாக மலைகூட ஏறலாம், பாரம் மட்டும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். ஆர்லோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் அவ்வளவு சமர்த்தாகத் தலையாட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போலச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தான். நான்கு மூலையிலும் உப்பு, மிளகு, ஜாம் பாட்டில், என் காப்பிக் கோப்பை. இந்த நாள் எனக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரிது. காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், வெயில் ஏறியதும் திரும்பி மேலே போகும், அதற்குள் எங்கே போய் உட்கார வேண்டும், எங்கள் வாடை மானுக்குப் போகாமல் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று மதியச் சாப்பாடு வரைக்கும் சண்டை போடுவோம். வரைபடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டான். அப்படியே வைத்தாலும் அது ஊரை ஏமாற்ற வைத்ததாக இருக்கும்.

அன்றைக்கு அவன் விரல் மலைப் பக்கமே போகவில்லை.

"இந்த வருஷம் ஓடைச் சமவெளிப் பக்கம் போலாம்னு பாக்குறேன்," என்றான்.

"எங்க?"

"ஓடைச் சமவெளி. ரோட்டுலேர்ந்து காப்பி ஆறுறதுக்குள்ள நடந்துடலாம்."

"அங்க மான் இருக்காது, மனுஷங்கதான் இருப்பாங்க. பூசணித் தோட்டம் மாதிரி ஆரஞ்சு வேட்டைச் சட்டையில ஒக்காந்திருப்பாங்கன்னு நீதான கேலி பண்ணுவ?"

"கறி கறிதான நோரீன்."

"அப்ப அத்தை வீடு?"

உப்பு பாட்டிலை எடுத்து, திருப்பி, மறுபடி அதே இடத்தில் வைத்தான். "அத்தைக்கு வயசாயிடுச்சி. தொந்தரவு பண்ண வேணாம்."

நான் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் இடி மின்னலைவிட மோசம் என்று அவனுக்குத் தெரியும். எழுந்துபோய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன். கோபம் அவன்மேல் இல்லை. மருத்துவமனையில் அவன் பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொன்னபோது அவன் முழுசாகத் திரும்ப வரப்போகிறான் என்று நம்பினேன். பாதி ஆள் அந்தப் பனியிலேயே கிடக்கிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மலைக்குப் போகாத ஆர்லோவை எனக்குத் தெரியாது. அந்த ஆளோடு மிச்சக் காலத்தை ஓட்டச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது.

கறியைத் தூக்குவதுதான் சிக்கல். ஓர் ஆண் எல்க்கின் பின்னந்தொடை ஒன்றைத் தூக்கவே நல்ல திடமான ஆள் வேண்டும். நான்கு கால், கழுத்து, முதுகுக் கறி என்று பிரித்து, முதுகில் கட்டி, திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். மிச்சத்தை விட்டுவைத்தால் கரடி வந்து உட்கார்ந்துகொள்ளும். தூக்கிக்கொண்டு வரமுடியாத இடத்தில் துப்பாக்கியைத் தூக்காதே என்பது ஆர்லோவின் சட்டம். அவனால் தூக்க முடியாது. எனக்கோ முழங்கால் ஒன்று சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஆனால் வெண்டலிடம் இரண்டு கோவேறு கழுதைகள் இருந்தன.

கழுதை வேண்டுமென்றால் கழுதைக்காரனுக்கு இடத்தைச் சொல்லியாக வேண்டும். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த படங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் போய்விட்டேன்.

வெண்டல் கொட்டகையில் ஒரு கழுதையின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான்.

"வா நோரீன்! முட்டை கொண்டாந்திருக்கியா, குறை கொண்டாந்திருக்கியா?"

"நான் ஒண்ணு சொல்லப் போறேன். கேட்டுட்டு நீ சிரிச்சேன்னு வையி, அந்தக் கத்தியப் புடுங்கி ஒன் காதை அறுத்துடுவேன்."

"காது சரியா கேக்கலைன்னு என் பொண்டாட்டி சொல்லிட்டுத்தான் இருக்கா. எடுத்துக்க."

சொன்னேன். முகட்டின் பேர், தோள்பட்டைச் சரிவு, ஊற்று, எல்லாம். சொல்லச் சொல்ல ஏதோ வீட்டுச் சாமானை வாசலில் தூக்கிப்போடுகிற மாதிரி இருந்தது. வெண்டல் நிமிரவே இல்லை. இந்த இடத்துக்காக ஊரெல்லாம் அலைந்தவன், கண்ணைக்கூட அகலமாக விரிக்கவில்லை. குளம்பை முடித்து, காலைக் கீழே விட்டு, கழுதையின் வயிற்றைத் தட்டிக் கொடுத்தான்.

"ஜூலைலயே வந்தான்," என்றான்.

"யாரு?"

"ஒன் ஆளுதான். நீ நிக்கிற எடத்துலதான் நின்னான். நீ சொன்னதையேதான் சொன்னான். அவன் கொஞ்சம் கம்மியா திட்டுனான், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்னான். 'நான் இனிமே மேல போகல வெண்டல், அவ நான் இல்லாம போகமாட்டா, நீதான் எதாவது சாக்கு சொல்லி இழுத்துட்டுப் போகணும். அவ குறி தப்பாது. பின்னந்தொடையை மட்டும் தூக்க விட்டுடாத, முட்டி வலிக்கும், ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாத' அப்டின்னான்." வெண்டல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "இப்பச் சொல்லிட்டேன்."

"ஜூலையிலேர்ந்து உனக்கு இடம் தெரியுமா?"

"தெரியும்."

"போய்ப் பாத்தியா?"

"போகல." அவனுக்கே அது வெட்கமாக இருந்தது போல. "என்னைத் தனியாப் போகச் சொல்லி யாரும் கூப்பிடலயே."

எத்தனை வருஷமாக இந்த ஆளைத் திருட்டுப் பயல் என்று திட்டியிருக்கிறேன். அந்த நிமிஷம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கழுதை நடுவில் நின்றதால் தப்பித்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஆர்லோ வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"டேய் கிழவா," என்றேன். "அத்தை வீட்டை வித்துட்டியாமே?"

கை அப்படியே நின்றது. அப்புறம் என் பூட்ஸைப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த கழுதைச் சாணியையும் பார்த்தான்.

"நீ மட்டும்? அங்க என்ன, முட்டை விக்கவா போன?"

"நான் உனக்காக வித்தேன்."

"நானும் எனக்காக விக்கல."

மேசைக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும். இரண்டு பேர் முகமும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இருந்திருக்கும். நான்தான் முதலில் உட்கார்ந்தேன்.

"ஏன் ஆர்லோ? டாக்டர் ஏறலாம்னுதான சொன்னாரு? சாவுக்குப் பயமா?"

"அதுக்கில்லடி." ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். "அங்க சாகறதுன்னா எனக்குச் சந்தோஷம்தான். நீ இருப்பியே. நான் விழுந்துட்டேன்னா நீ தனியா என்ன பண்ணுவ? போன் எடுக்காது. இருட்டிடும். அந்தப் பக்கம் மான் வேற கிடக்கும். ரெண்டு பேரையும் பாத்துட்டு நீ நடுவுல நிப்ப. அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரல நோரீன். எங்களை எப்படிக் கீழ கொண்டாருவ? எதை முதல்ல தூக்குவ?"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. ஆனால் நான் அழுதால் அவன் உடைந்துபோய்விடுவான்.

"மானைத்தான்," என்றேன். "கறி கெட்டுப் போயிடும்."

ஒரு கணம் திகைத்துப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். மார்ச்சுக்கு அப்புறம் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததால் எனக்குப் பகீரென்று ஆகி, எழுந்து ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். பிடித்த பிறகு விடத் தோன்றவில்லை. அழுகையும் அங்கேதான் வந்தது, அவன் முதுகுக்குப் பின்னால், அவனுக்குத் தெரியாமல். தெரிந்திருக்கும். சட்டை நனைந்துவிட்டது.

"நீ இல்லாம நான் மட்டும் அங்க போயி என்னத்தை சுடுவேன்?" என்றேன். "யார்கிட்ட காட்டுவேன்?"

அவன் கையை மட்டும் பின்னால் நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மடித்த வரைபடத்தை மறுபடி விரித்தான். இந்த முறை விரல் நேராக மலைக்குப் போனது.

அன்றைக்கு மதியச் சாப்பாடு தீய்ந்து போகும் வரை சண்டை போட்டோம். சுமக்க ஒரு கழுதை, அவன் ஏறி வர ஒரு கழுதை என்றேன். செத்தாலும் கழுதைமேல் ஏறமாட்டேன் என்றான். செத்தால் அதன்மேல் போட்டுத்தான் கட்டிக்கொண்டு வருவோம், அதற்கு உயிரோடு ஏறுவது மேல் என்றேன். சுடுவது நான். அவன் ஊற்றுக்குப் பக்கத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்து மான் எங்கே மேய்கிறது என்று பார்ப்பான், சமைப்பான். சமையல் மட்டும் வேண்டாம் என்று வெண்டல் போனில் மன்றாடினான். மறுநாள் டாக்டரிடமும் கேட்டுவிட்டு வந்தோம். கழுதைச் சவாரி பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பாரத்தைத் தூக்குவதைவிடப் பாரமாக இருப்பது நல்லது என்றார். ஆர்லோவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அக்டோபர் கடைசியில், வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம் கிளம்பினோம். கழுதைகளை ஏற்றிய இழுவை வண்டியோடு வெண்டல் முன்னால் போனான். பழைய பாதைக்குத் திரும்புகிற இடம் வந்தது. ஆர்லோவின் கை பழக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தது. அப்புறம் நேராகவே விட்டான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல்முறையாக வண்டியை அத்தை வீட்டுக்குப் போகும் உண்மையான பாதையின் வாசலில், ஊர் பார்க்க, பட்டப்பகலில் நிறுத்தினான். இறங்கிச் சுற்றிப் பார்த்தான். மேலே உச்சியில் புதுப் பனி விழுந்திருந்தது.

வெண்டல் போனை எடுத்தான். "நில்லுங்க ரெண்டு பேரும். கெளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துக்கிறேன்."

நாங்கள் போய் நின்றோம். வெண்டல் கொஞ்சம் நகர்ந்தான், அப்புறம் இன்னும் கொஞ்சம். எங்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி, இழுவை வண்டியின் தகரப் பக்கத்தில் ஒட்ட நிறுத்தினான். என்ன செய்கிறான் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓரத்தில்கூட முகடு விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்லோ அவனையே பார்த்தான்.

"வெண்டல்," என்றான். "இந்தப் பக்கம் வாடா. மலை வரலையே."

வெண்டல் போனைத் தாழ்த்தினான். "நெசமாவா?"

"நெசமாத்தான். போனை எங்கயாவது சாய்ச்சு வச்சிட்டு நீயும் வந்து நில்லு."

அந்தப் படம் இப்போது கூடத்துச் சுவரில் நடுவில் இருக்கிறது. மான் இல்லை, தார்ப்பாய் இல்லை. நாங்கள் மூன்று பேர், இரண்டு கழுதைகள், ஒன்று கண்ணை மூடியிருக்கிறது. பின்னால் மலை முழுசாகத் தெரிகிறது.