கடைக்குள் மட்டும் தெரிந்த தமிழ்

கௌசர் தைக்கும் செருப்பில் கால் படும் பக்கம் தையல் இருக்காது. சர்க்கரை நோயாளிகளின் காலில் உரசிப் புண்ணாக்கும் எதையும் அவள் உள்ளே விடமாட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள், இப்போது வீட்டிலேயே மூன்று பெண்களோடு சேர்ந்து தைக்கிறாள். வேலூர் டாக்டர் ஒருவர் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில் அவளுடைய இணையப் பக்கத்தின் முகவரியைச் சேர்ப்பதாகச் சொன்னார். பக்கம் சரியாகத் திறந்தால்தான். தாள் இன்று மதியம் அச்சுக்குப் போகிறது.

பக்கம் திறந்தது. படங்கள் வந்தன. ஆனால் படங்களுக்குக் கீழே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடந்தன.

பக்கத்தைச் செய்து சர்வரில் ஏற்றியவன், பஜாரில் கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டிடிபி கடை வைத்திருக்கும் கோபிநாத். கௌசர் போனை அவனிடம் நீட்டினாள்.

"இன்னா தம்பி இது?"

கோபிநாத் தன் கம்ப்யூட்டரில் அதே முகவரியைத் திறந்து காட்டினான். தமிழ் பளிச்சென்று இருந்தது.

"இங்க நல்லாத்தான் இருக்குது. உங்க போன் பழசுக்கா."

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. பக்கத்தை அழித்து மறுபடி ஏற்றினான். போனில் தங்கியிருந்த பழைய பதிவைத் துடைத்தான். ஒன்றும் மாறவில்லை. பக்கத்து டிடிபி கடையை நோக்கிக் குரல் கொடுத்தான்.

"ஹபீப் பாய், ஒரு பக்கம் அனுப்பறேன், தொறந்து பாருங்க. தமிழ் தெரியுதா?"

"எனக்குத் தெரியுதுப்பா. உனக்குத் தெரியலன்னா கண்ணாடி மாத்து!"

கோபிநாத் கௌசரிடம் திரும்பினான். "பார்த்தீங்களா? இல்லன்னா சர்வர்ல ஏதோ கோளாறு. நாளைக்குக் கேட்கறேன்."

"நாளைக்கா? மதியம் அச்சுக்குப் போய்டும் தம்பி. அப்புறம் அடுத்த தாள் எப்ப போடுவாங்களோ." கௌசரின் குரல் இறங்கிவிட்டது.

மகளின் காதுகுத்துப் பத்திரிகைக்காகப் பெஞ்சில் காத்திருந்த பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.

"எம்போன்ல போடு, பார்ப்போம்." போட்டான். அவள் சிரித்துவிட்டாள். "அட, இது எங்க பத்திரிகை மாதிரியே இருக்குதே!"

"எந்தப் பத்திரிகை?"

"நேத்து நீ வாட்ஸப்புல வாசகம் அடிச்சு அனுப்பினியே, சோளிங்கர்ல காது குத்தறதுன்னு. இப்டித்தான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் போனைத் தலைகீழா புடிச்சிக்கூட பார்த்துட்டாரு."

"நேத்தே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னா நீ பேஜாராய்டுவியேன்னு விட்டுட்டேன். நேர்ல வந்து படிச்சிக்கலாம்னு வந்தேன்."

கோபிநாத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பத்திரிகை சர்வர் பக்கமே போகவில்லை. இரண்டையும் அவன்தான் அடித்தான், அதே பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டும். அது இல்லாத இடத்தில் வெறும் ஆங்கிலந்தான் மிஞ்சும். இந்தத் தெருவில் எல்லா டிடிபி கடையிலும் அது இருக்கிறது, ஹபீப் பாய் கடையிலும். போனில் இல்லை.

"உங்க போன் நல்ல போனுதான்கா," என்றான். "தப்பு என்னுது."

ஒருவர் மனம் நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வதும் அன்புதான். ஆண்டவன் அதையும் ஏற்றுக்கொள்வான். ஆனாலும் பூங்காவனம் வாய் திறந்த பிறகுதான் வேலை நடந்தது.

"மொதல்ல அவங்களுத முடி. எனக்கு நாள் இருக்குது," என்று அவளே சொன்னாள்.

வாசகம் முழுவதையும் எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றினான் கோபிநாத். மாற்றும் கருவி கௌசரின் ஆங்கில மின்னஞ்சல் முகவரியையும் விடாமல் தமிழாக்கி, யாருக்கும் புரியாத ஒரு சொல்லாக வைத்திருந்தது.

"இது யாரு பேரு?" என்றாள் பூங்காவனம். கௌசரும் சிரித்தாள். அதைத் திருத்தி ஏற்றினான். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு போனில் வரி வரியாகப் படித்தார்கள். மூன்று இடத்தில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அவற்றையும் சரிசெய்தான்.

கௌசர் டாக்டரின் நர்ஸ் ஜோதிக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. போன்தான் வந்தது.

"படிச்சேன்கா, தெளிவா இருக்குது. தாள்ல சேர்த்தாச்சு. இங்க ஒரு அம்மா, பக்கத்தைப் பார்த்துட்டுக் கேக்கறாங்க. ஒரு கால்ல கட்டு இருக்குது, அந்தக் காலுக்கு மட்டும் பெரிசா தைப்பீங்களா?"

"தைக்கறேன்மா," என்றாள் கௌசர். "அலைய வேணாம்னு சொல்லுங்க. அளவெடுக்க நானே வர்றேன்."