பாதி வட்டம்

கேஸ் பைப்லைன்ல நான் வெல்டர். எல்லைக்கு இந்தப் பக்கத்துல இருந்து எங்க கம்பெனி லைனப் போட்டுக்கிட்டே போகுது. அந்தப் பக்கத்துல இருந்து இன்னொரு கம்பெனி எதிர்ல வருது. அங்க வெல்டர் என் தம்பி. ஒரே ஏஜென்ட்தான் எங்கள ஆளுக்கொரு நாட்டுக்கு ஏத்திவிட்டான். ரெண்டு நாட்டுக்கும் ஆகாது. மனுசனுக்கு விசா கிடையாது, கேஸுக்கு மட்டும் வழி.

போன மழைக்கு அம்மா போயிட்டாங்க. ரெண்டு பேருக்குமே லீவு தரல. போன்ல தம்பி அழ ஆரம்பிச்சப்ப நான்தான் சொன்னேன்.

"இப்ப வேணாம்டா. ஜாயின்ட்ல வெச்சுக்கலாம்."

கடைசி ஜாயின்ட்ட ரெண்டு கம்பெனி வெல்டரும் சேர்ந்துதான் போடணும். பாதி வட்டம் அவன், பாதி வட்டம் நான். அன்னிக்கு மட்டும் எல்லை வேலியத் திறப்பாங்க. அதுக்கப்புறம் அம்மா பேச்ச ரெண்டு பேருமே எடுக்கல. தினம் போன்ல, யாரு லைன் எவ்ளோ தூரம் வந்துச்சுங்கிற கிண்டல்தான்.

"என்னண்ணே, இன்னிக்கு ஆமை எவ்ளோ நகர்ந்துச்சு?"

"உன்னவிட ஜாஸ்திதான். மூக்கப் பத்திரமா வெச்சுக்க, வந்து இடிக்கப் போறேன்."

வேலிக்கு ரெண்டு பக்கமும் வந்துட்டோம். நடுவுல ஒரு ஃபுட்பால் கிரவுண்டு அளவு மண்ணுதான் பாக்கி. அப்ப வந்தாரு மேஸ்திரி. எல்லா நியூஸும் அவர்கிட்ட இருக்கும், அதனால அவருக்கு ரேடியோன்னு பேரு.

"கடலுக்கடியில வேற லைன் போடுறாங்களாம்யா. சண்டை வந்து, நடுவுல இருக்கிற இந்த நாடு குளிர்ல வால்வ மூடிட்டா என்ன பண்றதுன்னு கேஸ் வாங்குற மூணாவது நாட்டுக்காரனுக்குப் பயம். நம்மள சுத்திப் போறான்."

"அப்ப ஜாயின்ட்டு?"

"ஜாயின்ட்டாவது மண்ணாவது. பைப் வாயில தகடு வெச்சு அடைச்சுட்டு லாரில ஏறு."

"மேஸ்திரி, அந்தப் பக்கம் என் தம்பி."

"தெரியும்யா." தகட்ட என் கையில குடுத்தாரு. "வேலிகிட்ட மட்டும் போயிடாத. சுட்டுருவானுங்க."

தம்பிக்குப் போன் போட்டேன்.

"உங்களுக்கும் தகடுதானாண்ணே?"

"ஆமா."

"அப்ப எங்கண்ணே அழறது?"

"முகமூடியப் போடு. வேலைய ஆரம்பி"ன்னேன்.

அடைக்க ஆரம்பிச்சேன். ஒரு வெல்டிங் ராடு எரிஞ்சு தீர்ந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். முகமூடியோட கறுப்புக் கண்ணாடில வேலி இல்ல, பட்டாளத்தான் இல்ல, மண்ணு இல்ல. தூரத்துல ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தம்பி ராடு பிடிச்சா தீர்ற வரைக்கும் கை நிக்காது. அன்னிக்கு அந்தப் புள்ளி அணைஞ்சுது. திரும்ப எரிஞ்சுது. உடனே அணைஞ்சுது. ரொம்ப நேரம் எரியவே இல்ல.

என் ராடும் தகட்டுல ஒட்டிக்கிச்சு. பிடுங்கினேன். திரும்ப ஒட்டிக்கிச்சு.

மேஸ்திரி குனிஞ்சு பார்த்தாரு. "என்னய்யா இது, சின்னப் புள்ள வெல்டிங்கு மாதிரி? இப்படிப் போட்டா கேஸ் லீக் ஆகும்."

"கேஸே வராதே மேஸ்திரி"ன்னேன், முகமூடியத் தூக்காமலே.