நாற்பது பேர் சொன்ன முக்கால்

கணக்கு டீச்சருக்குக் காலையிலிருந்தே ஒரே படபடப்பு. இருக்காதா பின்னே? ஐந்தாம் வகுப்பில் அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட மேற்பார்வையாளர் வருகிறார். ஏற்கெனவே இரண்டு முறை வந்து, தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போனவர். மூன்றாவதும் போனால் வேலை நிரந்தரமாகாது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த மேற்பார்வையாளர் அம்மாளுக்கு ஆசிரியர் அறையில் 'கட்டக்காரம்மா' என்று பெயர். கையில் இருபது கட்டம் போட்ட படிவம். எல்லோரையும் கேள்வி கேட்டாளா, நேரத்துக்கு முடித்தாளா, பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நாலு வரை. ஒரு தடவை பேனா வைத்தால் வைத்ததுதான். அடித்துத் திருத்திய படிவம் செல்லாது; மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வா என்று மேலிடம் திருப்பி அனுப்பிவிடும். இத்தனை வருஷத்தில் தான் ஒரு தடவைகூட அடித்ததில்லை என்று அவருக்குப் பெருமை வேறு.

டீச்சர் ஒரு காரியம் செய்திருந்தாள். இதே பாடத்தை முந்தாநாளும் நேற்றும் நடத்தி ஒத்திகை பார்த்துவிட்டாள். அரையும் காலும் கூட்டினால் முக்கால். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லும்.

கட்டக்காரம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் தங்குதடையில்லாமல் ஓடியது. ஆனாலும் பின்னால் பேனா கிறுக்கும் சத்தம் கேட்கக் கேட்க டீச்சரின் காது அங்கேயே போனது. பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"எவ்வளவு வரும்?"

நாற்பது கைகள். "முக்கால் டீச்சர்!" கூரையே பெயர்ந்துவிடும் போலிருந்தது.

சிரித்தபடி பலகையைப் பார்த்தவளுக்கு உயிரே போய்விட்டது. பதற்றத்தில் அரைக்குப் பதிலாக மூன்றில் ஒன்று என்று எழுதியிருந்தாள். மூன்றில் ஒன்றும் காலும் சேர்ந்தால் முக்காலா? அடக் கடவுளே! நாற்பதில் ஒன்றாவது பலகையைப் பார்த்ததா?

கட்டக்காரம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவரும் பார்க்கவில்லை. துடைப்பானால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், யாருக்கும் தெரியாது. டீச்சர் துடைப்பானை எடுத்தும்விட்டாள். முன் பெஞ்சு வாயாடி தூக்கிய கையை இறக்காமல், சரியாகச் சொல்லிவிட்டோமே என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அதைப் பார்த்ததும் டீச்சருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்தது கணக்கா, கோஷமா?

துடைப்பானைக் கீழே வைத்தாள்.

"தப்பு. உங்க மேல இல்ல, என் மேல. உங்கள கிளிப்பிள்ளையாக்கிட்டேன். எல்லாரும் பலகையப் பாருங்க. இதுல அரை எங்க இருக்கு?"

வகுப்பு திருதிருவென்று விழித்தது. பின்னால் பேனா நின்றது. காகிதத்தை மூன்றாக மடித்து, நாலாக மடித்து, பிரித்து எண்ணி, ஓ பன்னிரண்டு துண்டா என்று நாலைந்து பேர் பிடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாடம் பாதியில் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு.

நடைவழியில் கட்டக்காரம்மா படிவத்தை நீட்டினார். 'பிள்ளைகளுக்குப் புரிந்தது' என்ற கட்டத்தில் நாலு. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு.

"அவங்க முக்கால்னு கத்தினப்பவே போட்டுட்டேன். நானும் பலகையப் பாக்கலம்மா," என்றார். அவருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

"அடிச்சா செல்லாதே மேடம்?"

"தெரியும். புதுப் படிவத்தோட வருவேன், என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் மட்டும் சும்மா வரேன். மிச்சப் பாடத்த எப்படி நடத்தலாம்னு ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்."

வேலை போகவில்லை, கிடைக்கவும் இல்லை. டீச்சர் வகுப்புப் பக்கம் திரும்பினாள். அதற்குள் வாயாடி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், அடுத்த தடவ அந்த மேடம் வந்தா என்ன விடை சொல்லணும்?"