போர்டு சொன்ன விடை

எனக்குக் கணக்கு வரும். அதுதான் என் வியாதி. யாராவது இரண்டு எண்களைச் சொன்னால், அவர்கள் வாய் மூடுவதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன், அதுவும் இதைக்கூடவா கேட்பீர்கள் என்ற முகத்தோடு. பதினோரு வருடம் ஒரே அலுவலகத்தில் இப்படிச் சொல்லிச் சொல்லி, வசுமதி சொன்னால் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று பெயர் வாங்கியிருந்தேன். 2005 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பெயர் என்னைக் காப்பாற்றியது. காப்பாற்றியிருக்கக் கூடாது.

எங்கள் கம்பெனி டவுன்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருக்கிறது. எழுபதுகளில் சென்னையிலிருந்து மொன்றியல் வந்த உமாபதி சார் தொடங்கியது. மொத்தம் பதினாலு பேர். நாங்கள் விற்பது கம்பைலர். ஒருவர் எழுதும் நிரலை ஒரு சின்னச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் அது. சிப் எங்கோ ஒரு கட்டடத்தின் பாய்லருக்குள் உட்கார்ந்திருக்கும். கம்பைலர் ஓடுவது மேசையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில். நிரலில் இரண்டையும் மூன்றையும் கூட்டு என்று இருந்தால், கம்பைலர் அந்த வேலையைச் சிப்பின் தலையில் கட்டாது. தானே கூட்டி ஐந்து என்று எழுதிவிடும். இந்தக் கணக்குப் போடும் பகுதி முழுவதும் நான் எழுதியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சிப்புக்கு 65535 வரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 65000-உடன் 1000-ஐக் கூட்டினால் அதற்கு விடை 464. சிரிக்கக் கூடாது. சிப்புக்கு நிரல் எழுதுகிறவர்கள் அதை நம்பித்தான் எழுதுகிறார்கள். பெரிய கம்ப்யூட்டரோ 66000 என்று சொல்லும். ஆகவே கம்பைலர் இங்கே கணக்குப் போட்டாலும், அங்கே அந்தச் சிப் என்ன சொல்லியிருக்குமோ அதைத்தான் சொல்ல வேண்டும். வந்த விடையில் மிகுதியைக் கழித்துச் சிப்பின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதை நாங்கள் நறுக்குவது என்போம்.

முதலில் கணக்கின் ஒவ்வொரு படியிலும் நறுக்கிக்கொண்டிருந்தோம். அந்த வருடம் ஏப்ரலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கடைசியில் ஒரே தடவை நறுக்கினால் போதாதா? தாளில் போட்டுப் பார்த்தேன். கூட்டலுக்குப் போதும், கழித்தலுக்குப் போதும், பெருக்கலுக்கும் போதும். நடுவில் இருந்த நறுக்கலையெல்லாம் எடுத்துவிட்டேன். கம்பைலர் வேகமாக ஓடியது. உமாபதி சார் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். நான் வகுத்தலைப் போட்டுப் பார்க்கவில்லை.

65000-உடன் 1000-ஐக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும் என்று வையுங்கள். சிப் 464-ஐ வகுத்து 232 என்று சொல்லும். என் கம்பைலர் 66000-ஐ வகுத்து 33000 என்று எழுதும். கடைசியில் நறுக்கலாம் என்று போனால் நறுக்க ஒன்றும் இருக்காது, 33000 சிப்புக்குள் அடங்கும் எண்தான். பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

இந்த மாதிரி அசட்டுத்தனங்களைப் பிடிக்கத்தான் எங்களிடம் நாலாயிரம் சோதனைகள் இருந்தன. ஒவ்வொரு சோதனைக்கும் சரியான விடை ஒரு கோப்பில் இருக்கும். அந்த விடைகள் நிஜச் சிப்பில் ஓட்டி எடுத்தவையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஏப்ரலில் புதுச் சிப் பொருத்திய போர்டு வந்து சேரவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று, விடைகளை என் கம்பைலரைக் கொண்டே எழுதி வைத்தேன். போர்டு ஜூனில் வந்தது. கோப்பை மாற்ற மறந்துபோனேன். பரீட்சை எழுதியவளே விடைத்தாளையும் தயாரித்தால் நூற்றுக்கு நூறுதான் வரும்.

யோசெப்பின் என்பவள் வேலைக்குச் சேர்ந்தது மே மாதம். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதிருக்கும். மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்தாள். பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டே மாலை வகுப்பில் படித்து முடித்தவள். இது அவளுக்கு முதல் அலுவலக வேலை. சோதனை பார்ப்பதற்கு ஆறு மாத ஒப்பந்தம். புதுக் கம்பைலர் நல்லபடியாக வெளியே போனால் வேலையை நிரந்தரமாக்குவதாக உமாபதி சார் சொல்லியிருந்தார். ஒப்பந்தம் முடிவது நவம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. அந்தத் தேதியை அவள் தன் மேசைக் காலண்டரில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள். அவளிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான். எதையும் கேட்டதோடு விட மாட்டாள், பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

செப்டம்பரில் ஒரு நாள் என் மேசைக்கு வந்தாள். கம்பைலரைக் கணக்குப் போட விடாமல், எல்லாவற்றையும் சிப்பே போடும்படி வைத்து நாலாயிரத்தையும் போர்டில் ஓட்டிப் பார்த்தாளாம். அதற்குப் பதினோரு மணி நேரம் ஆகும், யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஒரே ஒரு சோதனையில் விடைக் கோப்பும் போர்டும் ஒத்துவரவில்லை.

"அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ. போர்ட் வேற விடை சொல்லுது."

நான் எழுந்திருக்கவே இல்லை. என்ன எண் என்று கேட்டேன். சொன்னாள். அறுபத்தாறாயிரத்தில் பாதி முப்பத்து மூவாயிரம், இதை மனசிலேயே போடலாமே, போர்டில் ஒயர் ஏதாவது லூஸாக இருக்கும், பாஸ் என்று போட்டுவிடுங்கள் என்றேன். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. சரி அக்கா என்று போய்விட்டாள். அக்டோபரில் கம்பைலர் வெளியே போனது. சோதனைத் தாளில் அவள் கையெழுத்து இருந்தது.

நவம்பர் பதினாலு, திங்கட்கிழமை, ஒன்டாரியோவிலிருந்து புகார் வந்தது. அடுக்குமாடிகளுக்குப் பாய்லர் கருவி செய்யும் வாடிக்கையாளர். அவர்களுடைய சோதனைக்கூடத்தில், நாலு விநாடி காத்திருந்து எரிய வேண்டிய பர்னர் ஒன்பது நிமிடம் காத்திருந்ததாம். அவர்களது நிரலைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வகுத்தல். மதியத்துக்குள் திருத்திவிட்டேன். வகுப்பதற்கு முன்னால் ஒரு தடவை நறுக்க வேண்டும், இரண்டு எண்களில் எது பெரிது என்று ஒப்பிடுவதற்கு முன்னாலும் அப்படியே. மொத்தம் நாலு வரி.

மூன்று மணிக்குக் கூட்டம். இது எப்படி வெளியே போயிற்று என்று உமாபதி சார் கேட்டார்.

"டெஸ்டிங்ல பிடிபடல சார்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் யோசெப்பினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். செப்டம்பர் விஷயம் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவள் வாயைத் திறப்பாள், திறந்தால் ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் திறக்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை எதுவும் நடக்கவில்லை. புதன்கிழமை உமாபதி சார் அவளைக் கூப்பிட்டு, ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று சொன்னார். சோதனையில் நேர்ந்த கவனக்குறைவு, உரியவரை மாற்றுகிறோம் என்று வாடிக்கையாளருக்கும் எழுதிவிட்டார். அவள் இடத்துக்கு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த சோதனைகளை ஓட்டத் தொடங்கினாள். அன்று வீட்டுக்கு, ரொக்ஸ்பரோ போகும் ரயிலில் நின்றபடி எனக்கு நானே நிறைய நியாயம் சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போட்டது அவள்தானே. நம்பிக்கை இல்லையென்றால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

வியாழக்கிழமை என் திருத்தத்தைப் போர்டில் பார்க்க வேண்டியிருந்தது. போர்டு யோசெப்பின் மேசையில் இருக்கும். அவள் சாப்பிடப் போயிருந்தாள். யார் எதை எப்போது ஓட்டினார்கள் என்று எழுதும் நோட்டு பக்கத்திலேயே கிடந்தது. என் பெயரை எழுதத் திறந்தவள், செப்டம்பர் பக்கங்களைத் தேடிப் போனேன்.

'போர்ட் 232. விடைக் கோப்பு 33000. வசுமதி அக்காட்டக் கேட்டன். போர்ட் பிழை எண்டு சொன்னா.' அதன் கீழே, கேபிள் மாற்றினேன், 232. பவர் சப்ளை மாற்றினேன், 232. ஸ்டோரிலிருந்து இரண்டாவது போர்டு எடுத்து ஓட்டினேன், 232. கடைசியில், 'அக்கா சொன்னபடி பாஸ்.'

இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கவில்லையா என்று ரயிலில் எனக்குள் கேட்டேனே, மூன்று தடவை ஓட்டியிருக்கிறாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே உமாபதி சார் அறைக்குப் போனேன். ஏப்ரலில் நறுக்கலை எடுத்ததிலிருந்து, விடைக் கோப்பை நானே எழுதியது, அவளைத் திருப்பி அனுப்பியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "திங்கட்கிழமை சொல்லியிருந்தா இது வெறும் தப்பும்மா. இன்னிக்கு வியாழன்" என்றார்.

அவர் என் எதிரிலேயே வாடிக்கையாளருக்குப் போன் செய்தார். தவறு எங்கள் மூத்த எஞ்சினியருடையது, சோதனை பார்த்தவர் அதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார் என்று பிசகாமல் சொன்னார். பிறகு யோசெப்பினைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, டிசம்பர் முதல் தேதியிலிருந்து நிரந்தரம் என்று சொல்லியனுப்பினார். வேகம் வேகம் என்று பறந்த எனக்குத் தண்டனையும் பொருத்தமாகக் கிடைத்தது. இனி நான் எழுதும் எதுவும் அவள் போர்டில் ஓட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கம்பைலருக்குள் போகும்.

ஐந்து மணிக்கு அவளைத் தேடிப் போனேன். தன் பையனைக் குழந்தைக் காப்பகமான கார்டெரியிலிருந்து ஆறு மணிக்குள் எடுக்க வேண்டும், குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். மன்னிச்சிடுங்க யோசெப்பின் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு விடை தெரிந்தாக வேண்டுமே. அந்த நோட்டை ஏன் நீங்கள் சாரிடம் காட்டவில்லை என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து கோட்டின் ஜிப்பை இழுத்தாள்.

"கொப்பி மேசையிலதானே அக்கா கிடந்தது. நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு திங்கக்கிழமை பாத்தனான். செவ்வாய்க்கிழமையும் பாத்தனான்." கையுறையைத் தேடி எடுத்தாள். "நான் காட்டியிருந்தா, தப்பிறதுக்காகப் பிறகு எழுதி வச்சிருக்கிறாள் எண்டு சொல்லியிருப்பினம். நீங்களும் சேந்து சொல்லியிருப்பீங்கள்."

இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று நாள் நான் இருந்த இருப்புக்கு, சொல்லியிருப்பேன்தான். வாறன் அக்கா என்று அவள் லிஃப்டுக்குப் போனாள்.

இப்போது இரண்டு வருடமாகிறது. விடைக் கோப்பு முழுவதையும் போர்டில் ஓட்டிப் புதிதாக எழுதியவள் அவள்தான். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். பையனின் பிறந்த நாளுக்குக் கேக் கொண்டுவந்து முதல் துண்டை எனக்குத் தந்தாள். மற்றவர்கள் எழுதுவதைப் போர்டில் ஒரு தடவை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். நான் எழுதுவதை மட்டும் இரண்டு தடவை ஓட்டுகிறாள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கூடுதலாக ஒரு நாள் போகிறது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.