பயத்தைப் பங்கு பிரித்தவள்

கீழே வருவதில் ஒரு கால்புள்ளிகூடப் பொய் இல்லை. இது சத்தியம்; கற்பூரம் கைவசம் இருந்தால் அணைத்தும் காட்டலாம்.

மேலாண்மைக் கல்லூரியில் முதலீட்டு ஆய்வுப் பாடத்துக்கு அன்று வாய்மொழித் தேர்வு. வகுப்பே ‘கால்குலேட்டர்’ என்று கூப்பிடும் பெண் லிஃப்டில் ஏறியதும், பாரம் அதிகம் என்று அது அலறியது. உள்ளே இருந்தது லிஃப்ட்காரரும் அவளும்தான். அவளோ காற்றடித்தால் பறக்கிற ஒல்லி.

“பையில என்னம்மா, இரும்பா?” என்றார் லிஃப்ட்காரர்.

“பயம்ணே. இன்னைக்குப் பரீட்சை.”

“அப்ப படியில போயிடும்மா. போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் ஏறி, கம்பி நைஞ்சு போச்சு.”

பயத்துக்குக் காரணம் இருந்தது. இதில் ஃபெயிலானால் மறுபடி ஒரு வருடம் படிக்க வேண்டும். கைக்கெட்டிய வேலையும் நழுவிவிடும். கேள்வி கேட்கப்போகிறவரோ பேராசிரியர் ‘பீட்டா’. பங்குச் சந்தை ஆடுவதைவிட ஒரு பங்கு எவ்வளவு கூடுதலாக ஆடும் என்பதற்கு அந்தப் படிப்பில் வைத்திருக்கும் பெயர் அது. சந்தை ஓர் அடி இறங்கினால் இவர் முகம் இரண்டடி இறங்கும். அன்று காலையிலிருந்தே சந்தை சறுக்கு மரத்தில் உட்கார்ந்திருந்தது.

மூச்சு வாங்க மாடியேறி, தேர்வறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குப் பாடத்தின் முதல் விதி நினைவுக்கு வந்தது: எதையும் ஒரே இடத்தில் குவிக்காதே, பிரித்துப் போடு. பயத்தையும் பிரித்தால் என்ன? காத்திருந்த தோழர்களிடம் கெஞ்சினாள். நல்ல பிள்ளைகள், மறுக்கவில்லை. கை நடுக்கத்தை ஆடிட்டர் மகன் எடுத்துக்கொண்டான். வயிற்றுக் கலக்கத்தை ஹாஸ்டல்காரியும், விக்கலைத் தூங்குமூஞ்சியும் வாங்கிக்கொண்டார்கள்.

அறைக்குள்ளிருந்து பீட்டா ஒருமுறை இருமினார். அவ்வளவுதான். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் கை நடுங்கி, வயிறு கலங்கி, விக்கல் வந்ததில், பெஞ்சு தானாக நடந்துபோய் எதிர்ச் சுவரில் முட்டியது.

“உன் பயமும் எங்க பயமும் சேர்ந்து குட்டி போடுது, பாரு!” என்று விக்கினான் தூங்குமூஞ்சி.

கால்குலேட்டர் தலையில் அடித்துக்கொண்டாள். பிரித்தது சரி. ஆனால் அதே பரீட்சைக்கு நடுங்குகிறவர்களிடமே பிரித்திருக்கிறாள்! எல்லாம் சேர்ந்து ஏறும், சேர்ந்தே இறங்கும். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தான் இறங்கும்போது ஏறுகிற ஆள் வேண்டும். அப்படி ஒருத்தி இருக்கிறாள்: கூடப்பிறந்த அக்கா. போன் போட்டாள்.

“அக்கா, நான் ஃபெயிலாகப் போறேன்.”

“நிஜமாவா? இரு, உக்காந்துக்கறேன். ம், சொல்லு.”

“கை நடுங்குது. படிச்சது ஒண்ணுமே ஞாபகம் வரல.”

“அய்யோ பாவம்!” அந்தக் குரலில் தேன் வழிந்தது. “அப்பவே சொன்னேனே, உனக்கெல்லாம் எதுக்குடி இந்தப் படிப்புன்னு. ஸ்பீக்கர்ல போடறேன், முதல்லேருந்து சொல்லு. உங்க மாமாவும் கேக்கட்டும்.”

சொல்லச் சொல்ல, பயம் போன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததெல்லாம் சிரிப்பாக மாறியது. கடுகளவும் மிச்சமில்லாதபோது உள்ளே கூப்பிட்டார்கள்.

பீட்டா அவளை உற்றுப் பார்த்தார். “என்னம்மா, கொட்டாவி விடறே? பயமே இல்லையா?”

“துளிகூட இல்ல சார். பிரிச்சுப் போட்டுட்டேன்.”

“பலே. ரிஸ்க்கே இல்லாதவங்களுக்கு என்ன கிடைக்கும்?”

“பேங்க்ல போட்டு வச்ச மாதிரி, இருக்கறதுலயே குறைஞ்சது, சார்,” என்று சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சரியான பதில். அதையே போட்டிருக்கேன்,” என்றார் பீட்டா. பாஸ் மார்க். அதற்கு மேல் அரை மார்க்கூட இல்லை.

வெளியே வந்து, இன்னும் துண்டிக்காத போனில், “அக்கா, பாஸாயிட்டேன்,” என்றாள். அந்தப் பக்கம் யாரோ ஸ்பீக்கரை அணைத்தார்கள்.

இதுவும் சத்தியம்: போதுமான பேர் சேராததால், அந்தக் கல்லூரியில் அந்த வருடம் முதலீட்டு ஆய்வுப் பாடமே நடத்தப்படவில்லை.