ஒன்பதாவது கட்டம்

மலர்வளையம் வாசலில் நுழையவில்லை. ஹால்வர் அதை நிமிர்த்திப் பார்த்தான், படுக்கைவாட்டில் சாய்த்துப் பார்த்தான், தான் ஒல்லியானால் அதுவும் ஒல்லியாகிவிடும் என்பதுபோலத் தன் வயிற்றை உள்ளே இழுத்தும் பார்த்தான். இழுவைப் படகில் சமையல்காரனாக இருபது வருடம் வளர்த்த வயிறு அது. எந்தக் கட்டளைக்கும் அடங்காது. வெள்ளைப் பூக்கள் நான்கு உதிர்ந்ததுதான் மிச்சம்.

"என்னது அது, லாரிச் சக்கரமா?" உள்ளேயிருந்து கேட்டாள் அவன் மனைவி ராக்னா.

"அக்காவோட ஆபீஸ்லேர்ந்து."

"உசுரோட இருந்தப்ப ஒத்தப் பூ குடுத்திருப்பானுங்களா? படியிலயே வெச்சிட்டு வா. குழம்பு அடிப்பிடிக்குது."

படிக்கட்டின் திருப்பத்தில் அதைச் சுவரோடு சாய்த்து வைத்தான். அதன் பிறகு மேலே வருகிறவர்கள் எல்லோரும் ஒருக்களித்துத்தான் வரவேண்டியிருந்தது.

தன் வீட்டுக் கூடத்தில், சவப்பெட்டிக்குள், அவன் அக்கா போர்கில்ட் ட்வெய்ட் சாம்பல் நிற அலுவலக உடுப்பில் கிடந்தாள். ஐம்பத்திரண்டு வயது. செவ்வாய்க்கிழமை காலை அலுவலகப் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நாலு வருட வேலையில் வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இல்லாத முதல் நாள் அது. புரூக்ளினில் பனி உருகிச் சேறாகிக் கிடந்த மார்ச் மாதம். சண்டை இதோ முடியப்போகிறது என்று பேப்பரில் தினமும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சண்டையில் அவளுடைய ஆயுதம் ஒரு சிவப்புப் பென்சில். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பணம் சுவிட்சர்லாந்து, ஸ்வீடன், போர்ச்சுகல் என்று சண்டையில் சேராத நாடுகளின் வழியாகச் சுற்றி, ஜெர்மானியர்களின் பையில் போய் விழுமா என்று பார்ப்பது அவள் வேலை. விண்ணப்பத்தின் ஒன்பதாவது கட்டம்தான் உயிர்நாடி: 'இறுதியாக இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?' அதைப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்பேன் என்பாள்.

ஹால்வரும் ஒருமுறை விண்ணப்பித்தான். நாற்பத்திரண்டாம் வருடக் கடைசியில். ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருந்த நார்வேயில், ஸ்டவாங்கரில், அக்கா தம்பி இருவரின் அம்மா இருமிக்கொண்டு தனியாக இருந்தாள். நிலக்கரிக்கும் மருந்துக்குமாக நாற்பது டாலர். ஸ்வீடனில் இருக்கும் சித்தி மகனுக்கு அனுப்பினால், அவன் எப்படியாவது எல்லை தாண்டிச் சேர்த்துவிடுவான். துறைமுகத்தில் அத்தனை பேரும் அவனுக்குப் பாடம் நடத்தினார்கள்: "ஒன்பதாவது கட்டத்துல சித்தி மகன் பேரப் போட்டு நிறுத்திக்கடா. அதுக்கு மேல உனக்கு ஒண்ணும் தெரியாது." அவர்கள் எல்லோரும் அப்படித்தான் அனுப்பினார்கள், எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் படிக்கப்போகிறவள் அக்கா ஆயிற்றே, அவளிடம் போய்ப் பொய் எழுதுவதா என்று ஹால்வருக்குக் கூச்சம். 'என் தாயார் இங்கெபோர்க் ட்வெய்ட், ஸ்டவாங்கர்' என்று முத்து முத்தாக எழுதினான்.

மறுக்கப்பட்டது என்று பத்து நாளில் கடிதம் வந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

அடுத்த வசந்தத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பக்கத்து வீட்டுக்காரி எழுதிய தாள் வந்தது. இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் கூடாது என்பது விதி. ஜனவரி பதினொன்றாம் தேதி அம்மா போய்விட்டாள் என்பதை அவள் பதினாறிலேயே முடித்திருந்தாள்.

ஹால்வர் அக்காவோடு சண்டை போடவில்லை. சண்டை போடத் தெரிந்தவன் ஏன் சமையல்காரனாகிறான்? அவன் ஜோக்கு அடித்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. "அக்கா, அந்த உப்பக் கொஞ்சம் இப்படித் தள்ள முடியுமா, இல்ல விண்ணப்பம் போடணுமா? மூணு பிரதி எடுத்துட்டு வரட்டுமா?" என்பான். அவள் உப்புக் கிண்ணத்தை ஒன்றும் சொல்லாமல் தள்ளுவாள். இரண்டு வருடம், ஒரு வாரம் விடாமல் அதே ஜோக்கு. முதல்முறை ராக்னா சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதனாலெல்லாம் ஜோக்கை நிறுத்துகிற ஆள் இல்லை ஹால்வர்.

அவன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். டீலியா, அக்காவின் அலுவலகத்தில் தட்டச்சுக்காரி. அழுது மூக்கு சிவந்திருந்தது.

"மிஸ்டர் ட்வெய்ட், சீக்கிரம் சொல்லிடறேன். மிஸ்டர் பிரெண்டிஸ் பின்னாடியே வராரு. எங்க மேலதிகாரி. புதன்கிழமையே உங்க அக்காவோட மேசைய ஒடச்சுத் தேடினாரு."

"என்னத்த? அவ மேசையில பென்சில் சீவுன தூளத் தவிர என்ன இருக்கும்?"

"அவங்க எழுதின குறிப்புங்க. அவங்க எழுதுவாங்க, நான் டைப் அடிப்பேன். ஒரு கார்பன் காப்பி அவங்க கைப்பைக்குள்ள போகும். நான் அந்த நேரம் பாத்து ஜன்னலப் பாப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "வீட்ல ஒரு பிஸ்கட் டின்ல வெக்கறதா சொன்னாங்க. இருக்கா?"

அலமாரி உச்சியில் இருந்தது. கிறிஸ்துமஸ் பிஸ்கட் டின், மூடியில் பனிமான். தனக்குத் தராமல் அக்கா ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஹால்வர் இரண்டு கிறிஸ்துமஸாகக் கறுவிக்கொண்டிருந்த டின்.

அதைத் திறப்பதற்குள் கூடத்தில் குரல் கேட்டது. பிரெண்டிஸ் உயரமாக, நல்ல மேல்கோட்டில், தொப்பியை மார்போடு பிடித்தபடி சவப்பெட்டி முன் நின்றிருந்தார். படியில் தன்னுடைய மலர்வளையத்தையே உரசி வந்ததில் தோளில் ஒரு வெள்ளைப் பூவிதழ்.

"ரொம்ப நுணுக்கமானவங்க" என்றார் ஹால்வரின் கையைப் பிடித்துக்கொண்டு. "சில சமயம் கொஞ்சம் அதிகமாவே. ஒரு பாராட்டுப் பத்திரத்துக்கு எழுதியிருக்கோம்."

"அவளுக்குச் சொல்லிடறேன் சார்."

பிரெண்டிஸ் ஒரு கணம் விழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல கேக்கக்கூடாது. சில அலுவலகத் தாள்கள் தவறுதலா வீட்டுக்கு வந்திருக்கலாம். யுத்தகாலச் சட்டம் கொஞ்சம் கடுமையானது, உங்களுக்குத் தெரியாததில்ல. ரசீதுகூடத் தயாரா கொண்டுவந்திருக்கேன்."

"உக்காருங்க சார். காபி குடிங்க. தேடிப் பாக்கறேன்."

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஹால்வர் டின்னைத் திறந்தான். பதினோரு குறிப்புகள். எல்லாம் ஒரே வங்கியைப் பற்றி; ஊரில் தூண்கள் வைத்துக் கட்டிய, ஹால்வர் போன்றவர்கள் கால் துடைக்காமல் நுழைய முடியாத வங்கி. இரண்டு லட்சம் டாலர். மூன்று லட்சம். மறுபடி இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்பதாவது கட்டத்தில் அவர்கள் எழுதியிருந்தது ஒரே வரி: 'சூரிச்சில் உள்ள எங்கள் தொடர்பு வங்கியின் வாடிக்கையாளர்.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பென்சிலில் அக்கா கேட்டிருந்தாள்: 'யார்?' ஒவ்வொன்றின் கீழேயும், வந்த முடிவையும் அவளே குறித்து வைத்திருந்தாள்: 'அனுமதிக்கலாம். பிரெண்டிஸ்.'

கடைசிக் குறிப்பு கார்பன் இல்லை. மேலே போய்த் திரும்பி வந்த மூலப் பிரதி. ஹால்வர் அதை அடுப்பு வெளிச்சத்துக்கு அருகே பிடித்தான்.

'இந்தப் பணம் சூரிச்சிலிருந்து பெர்லினுக்குப் போகிறது என்பதற்கு ஆதாரம் இணைத்திருக்கிறேன். இதே ஒன்பதாவது கட்டத்தின்படி, என் சொந்தத் தாயாருக்குப் போகவேண்டிய நாற்பது டாலரை நான் மறுத்திருக்கிறேன். அவர் இப்போது இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்று என்று நம்பி அதைச் செய்தேன். உண்மையை எழுதுகிறவர்களை மட்டும்தான் நாம் தடுத்துக்கொண்டிருக்கிறோமா என்று தெரிய வேண்டும்.'

ஓரத்தில், மையில், வேறொரு கையெழுத்து: 'சொந்த விஷயங்களைக் கோப்பில் எழுத வேண்டாம். பி.'

குழம்பு கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. டீலியாதான் இறக்கி வைத்தாள். ஹால்வரின் காதுகள் சிவந்திருந்தன.

"மிஸ்டர் ட்வெய்ட்? குடுத்துடப்போறீங்களா?"

டின்னுக்குள் அடியில் ஒரு துண்டுச் சிவப்புப் பென்சில் இருந்தது, கட்டைவிரல் நீளத்துக்கு. அதை எடுத்துக்கொண்டு, டின்னையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

பிரெண்டிஸ் எழுந்தார். முகத்தில் நிம்மதி. "கிடைச்சிடுச்சா? நல்லது." ரசீதை நீட்டினார்.

ஹால்வர் அதை மேசைமேல் விரித்தான். அடியில் காலியாக இருந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டான். கோணலாக வந்தது. அதற்குள் ஒன்பது என்று எழுதினான்.

"இத மட்டும் நிரப்பிடுங்க சார். இந்தத் தாளுங்க கடைசியில யார் கைக்குப் போகுது?"

"அலுவலகத்துக்கு."

"அலுவலகத்துக்குக் கை இருக்கா சார்? ஆளு பேரு வேணும்."

பிரெண்டிஸ் சுற்றிலும் பார்த்தார். பாதிரியாரும் அண்டை வீட்டாரும் காபிக் கோப்பைகளோடு இந்தப் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்கள். அவர் பேனாவை எடுத்து, சிரித்துக்கொண்டே, 'மேலதிகாரிகள்' என்று எழுதினார்.

ஹால்வர் அதைப் படித்தான். பக்கத்தில் சிவப்பில் எழுதினான்: 'யார்?'

"இது விளையாடற நேரமில்ல, மிஸ்டர் ட்வெய்ட்."

"தெரியும் சார். விளையாட்டெல்லாம் ரெண்டு வருஷமா ஆடித் தீத்துட்டேன். அதையும் தப்பான ஆளுகிட்ட." அவன் குரல் உடைந்தது, உடைந்த குரலைக் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்ததால் சத்தம் போட்டான். "எங்கம்மாவோட இருமல் மருந்துக்குப் பேரு ஊரு தெருவோட எழுதிக் குடுத்தேன் சார்! நாப்பது டாலர்! நீங்க மூணு லட்சத்துக்கு ஒரு பேரு கேக்க மாட்டீங்களா?"

"இதோட விளைவுகள் என்னன்னு உங்களுக்கு..."

"விண்ணப்பம் முழுமையா இல்ல சார்." ரசீதை மடித்து அவருடைய மேல்கோட்டுப் பையிலேயே வைத்தான். "மறுக்கப்பட்டது."

ராக்னா போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். "பாத்து எறங்குங்க சார். படியில என்னமோ பெருசா ஒண்ணு கெடக்கு. யாரு அனுப்பினாங்கன்னு தெரியல."

அவர் ஒருக்களித்து இறங்கிப்போகும் சத்தம் கேட்டது. டீலியா மெல்லச் சொன்னாள்: "வாஷிங்டன்ல செனட் குழு ஒண்ணு இதையெல்லாம் விசாரிக்குது. நான் அனுப்பிடறேன்."

"நீ ஜன்னலப் பாரு, கண்ணு. உனக்கு வேலை இருக்கு. இழுவைப் படகுல சமைக்கிறவன யாரு எங்க எறக்கிட முடியும்? நான் அனுப்பறேன்."

இரண்டு மணிக்குத் தேவாலயம். மூன்றரைக்குக் கல்லறை, ஈர மண் பாதிரியாரின் ஷூவில் அப்பிக்கொண்டது. நாலரைக்கு எல்லோரும் திரும்பி வந்து, அக்காவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவளுடைய நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அதில் பனிமான் டின் இருந்தது. தபால்தலை வாங்கவேண்டியதுதான் பாக்கி.

ஹால்வர் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்ந்த குழம்பை எல்லோருக்கும் ஊற்றினான். பாதிரியார் ஒரு வாய் எடுத்து, நிறுத்தி, "பிரமாதம்" என்றார். பாதிரியார் பொய் சொல்லி ஹால்வர் பார்த்தது அதுதான் முதல்தடவை. அவனும் ஒரு வாய் எடுத்தான். இருபது வருடச் சமையல்காரன், உப்புப் போட மறந்திருந்தான்.

உப்புக் கிண்ணம் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது, காலி நாற்காலிக்கு எதிரே, எப்போதும் இருக்கும் இடத்தில்.

"உப்பு வேணும்னா கேளேன்" என்றாள் ராக்னா.

"சரியாத்தான் இருக்கு" என்றான் ஹால்வர். குனிந்து, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டான்.