பீரோ மேல் ஏறிய தூண்டில்

வலது கையைத் தூக்க முடியாமல் போன அன்று எனக்கு அறுபத்தொன்பது வயது. ஆனால் நான் சொன்ன பொய் ஏழு வயதுப் பிள்ளை சொல்கிற பொய். கிரைண்டர் கல்லைத் தூக்கினேன், தோள் பிடித்துக்கொண்டது என்று மருமகள் கீதாஞ்சலியிடம் சொல்லிவிட்டேன். உண்மை என்னவென்றால், முதல் நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டைக்காக நூற்றைம்பது தடவை தூண்டில் வீசியிருந்தேன். கெண்டை வரவில்லை. வலி வந்தது.

என் தூண்டில் நீங்கள் நினைக்கிற தூண்டில் இல்லை, கண்ணுங்களா. பதினோரு வருஷத்துக்கு முன் எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த ஓர் அயர்லாந்துக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அதற்கு ஃப்ளை ராடு என்று பெயர். புழு கிடையாது, தக்கை கிடையாது. கோழி இறகை நூலில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த சின்னக் கொக்கி ஒன்று, அவ்வளவுதான். அதற்கு எடையே இல்லை. அதனால் தடிமனான நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி, அந்த வீச்சிலேதான் இறகைத் தண்ணீருக்கு அனுப்ப வேண்டும். பின்னால் வீசியதும் நூல் முழுக்க விரிகிற வரை ஒரு கணம் கையை நிறுத்த வேண்டும். நிறுத்தாதவர் கழுத்தில் நூல் சுற்றிக்கொள்ளும். அவர் வீசுவதை வேலி ஓரமாக நின்று பார்த்ததும், பிற்பாடு போனில் பார்த்ததும்தான் என் படிப்பு. கழுத்தில் சுற்றியது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் சின்னசாமி அதற்குச் சாட்டை என்று பெயர் வைத்தார். பக்கத்து வீட்டுப் பையன் மண்புழு கோத்து அரை மணி நேரத்தில் எட்டு மீன் பிடிக்கிற ஏரியில், நான் சாட்டையும் கோழி இறகுமாகப் போய் வாரத்துக்கு ஒன்று பிடிப்பதை அவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அண்டாவைக் கிண்டின கை இது. யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு வேலையைச் செய்ய அதற்கும் ஆசை இருக்காதா?

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் கரையில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோதே, இன்னொரு தடவை அடிபட்டு வந்தால் சாட்டையை உடைத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிடுவேன் என்று கீதாஞ்சலி சொல்லியிருந்தாள். மகன் ஓசூரில் வேலை. வீட்டில் சட்டம் போடுவது அவள்தான். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். சொன்னதைச் செய்கிற சாதி.

பொய் நன்றாக வேலை செய்தது. ரொம்ப நன்றாக. மறுநாளிலிருந்து கிரைண்டர் பக்கம் என்னை விடவில்லை. ஆபீஸ் போகிறவள் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து அவளே மாவாட்டினாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள், தைலம் தேய்த்தாள். சின்னக் கல் வைத்த கிரைண்டராகப் பார்த்து வாங்கியிருக்கலாம், என் பேச்சைக் கேட்டுத்தானே இதை வாங்கினோம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டபோது நான் இட்லியில் நான்காவதை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் விழுங்கிவிட்டேன்.

பிசியோதெரபி டாக்டர் தோள் இறுகிப்போயிருக்கிறது, ஆறு மாதமாவது ஆகும் என்றார். கனமாக என்ன வேலை செய்வீர்கள் என்று அவர் கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த கீதாஞ்சலி கிரைண்டர் கதையை ஒப்பித்துவிட்டாள். நானும் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

வலது கை போனால் இடது கை இருக்கிறதே என்று எனக்கு ஒரு யோசனை. அவள் ஆபீசுக்குக் கிளம்பியதும் மொட்டை மாடிக்குப் போய், தூண்டிலின் கைப்பிடித் துண்டை மட்டும் கழற்றி இடது கையில் பிடித்து வீசிப் பழகினேன். நூல் கட்டவில்லை. அந்தத் துண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், கீழே இருந்து பார்த்தால் வெறும் கைதான் தெரியும். பின்னால் வேப்பமரம் இடிக்கிறது என்று தெருப்பக்கமாக, மலையைப் பார்த்து நின்றேன். முன்னே, நிறுத்து, பின்னே, நிறுத்து. பின்னே போகும்போது கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத நூல் விரிவதை மனசுக்குள் எண்ணுவேன்.

நான் மறந்துபோனது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் அடி அண்ணாமலை, மலையைச் சுற்றி வருகிற கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது.

முதல் நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடந்துபோகிறவள் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். மலையைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவளும் இன்னொருத்தியும் எதிரில் இருக்கிற புங்கமரத்தடியில் நின்று இடது கையை முன்னும் பின்னும் ஆட்டினார்கள். அடுத்த வாரம் ஐந்து பேர். எல்லாரும் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர்கள். நான் நிறுத்தினால் நிறுத்தினார்கள். கண்ணை மூடினால் மூடினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தபோது அதையும் ஒருவர் செய்தார்.

கீழே இறங்கிப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் கீதாஞ்சலிக்குத் தெரியும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி வெட்கக்கேடு. பதினோரு வருஷமாக என் வீச்சை யாரும் மெச்சியதில்லை. ஐந்து பேர் பார்க்கிறார்கள் என்றதும் நான் இன்னும் நிமிர்ந்து நின்றேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு மாடி ஏறினேன். ஒருநாள் விபூதிகூட பூசிக்கொண்டேன், கேவலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முதல் நாள் கும்பிட்ட அந்த அம்மாளும், மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த சைலஜா என்கிற பெண்ணும். தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. கதவைத் திறந்தது கீதாஞ்சலி. மாடியில் தினமும் கைப்பயிற்சி செய்கிற அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் குழம்பிப்போய் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். எந்தப் பயிற்சி என்று கேட்டாள். வெள்ளைக்கார அம்மாள் எழுந்து, கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, இடது கையை முன்னே வீசிப் பின்னே கொண்டுபோய் நிறுத்திக் காட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நன்றாகவே வீசினாள்.

கீதாஞ்சலி என்னைப் பார்த்தாள். நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன்.

சைலஜா கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்: "பின்னாடி நிறுத்தறீங்களே, அப்ப மனசுல என்னம்மா நினைக்கணும்?"

நான் பதில் தேடுவதற்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சின்னசாமி தலையைத் தூக்காமலே சொன்னார்: "மீன் வரணும்னு நினைக்கணும்."

சைலஜா தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு, கண் கலங்கி, என் வீட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டாள். அவர் முதல்முறையாகப் பேப்பரைக் கீழே வைத்தார். அதற்குமேல் தாங்காமல், ஏரி, கெண்டை, கோழி இறகு எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். சைலஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தாள், ஆனால் நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு கீதாஞ்சலி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் பின்னால் போய் நின்றேன்.

"அப்ப கிரைண்டர் கல்லு இல்ல," என்றாள்.

"இல்லம்மா."

"நாலு மாசமா நாலு மணிக்கு எழுந்துக்கறேன் அத்தை. அதைக்கூட விடுங்க. போன பௌர்ணமிக்கு உங்க கை சரியாகணும்னு வேண்டிக்கிட்டு வெறுங்கால்ல மலை சுத்தி வந்தேன். காலு கொப்புளிச்சி ரெண்டு நாள் ஆபீசுக்கு ஷேர் ஆட்டோல போனேன். எதுக்குன்னு நீங்க கேக்கவே இல்ல."

பதினாலு கிலோமீட்டர். அவள் நொண்டி நடந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. செருப்பு கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட அத்தை நான்.

அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கத்தவில்லை. நானே போய்த் தூண்டிலை எடுத்து வந்து கொடுத்தேன். உடைப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலி போட்டு ஏறி, ஸ்டீல் பீரோவின் தலைமேல் சுவரை ஒட்டி அதைப் படுக்க வைத்தாள்.

"ஒடைக்கல. வலது கையைத் தூக்கி நீங்களே எடுத்துக்குங்க. நாற்காலி, ஸ்டூலு எதுவும் போடக்கூடாது."

அன்றைக்கு ஆரம்பித்தேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்றுதான். சுவரை ஒட்டி நின்று, இரண்டு விரலைப் பல்லி மாதிரி சுவரில் மேலே நடத்திக்கொண்டு போக வேண்டும். எட்டின இடத்தில் பென்சிலால் கோடு. முதல் கோடு என் மார்புக்கு நேர். வலியில் அம்மா என்பேன். வராண்டாவிலிருந்து சின்னசாமி, மீன் வரணும்னு நினை என்பார். நாலு மணி மாவையும் நானே எடுத்துக்கொண்டேன். கல்லை இடது கையால் உருட்டிப் போட்டால் போதும், தூக்கவே வேண்டாம் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

கோடுகள் ஏறின. தோள், தாடை, காது. காதோடு நின்றுவிட்டது. ஒரு மாதம் முழுக்க ஒரே இடத்தில் கோட்டின் மேல் கோடு போட்டதில் சுவர் கருத்துப்போனது. பீரோ தலைக்கு இன்னும் முக்கால் முழம். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது பாத்ரூம் வாளியைப் பீரோ முன்னால் கவிழ்த்து வைத்துப் பக்கத்தில் நின்றேன். வாளி ஸ்டூல் இல்லையே என்று ஒரு வக்கீல் நியாயம். ஒரு காலையும் வைத்துவிட்டேன். அப்புறம் என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள், வாளி வழுக்கியது.

டாக்டரிடம் தனியாகப் போனபோது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு இதுவே ஜாஸ்தி, இதற்குமேல் ஏறாது என்றார். வீட்டுக்கு வந்து கீதாஞ்சலியிடம் சொன்னேன்.

"இவ்ளோதாம்மா வரும். பீரோ எட்டாது. இந்த தடவை பொய் இல்ல."

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் லீவு. சாயங்காலம் வெயில் கம்மியானதும் அவளே நாற்காலி போட்டுத் தூண்டிலை இறக்கினாள். தோளில் ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டுக்கொண்டு, வாங்க என்றாள்.

ஏரிக்கரையில் நான் கையைத் தூக்கப் போனபோது தடுத்தாள். என் வலது மேற்கையை விலாவோடு சேர்த்து வைத்து, துண்டை உடம்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். முழங்கைக்குக் கீழே மட்டும் அசைந்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி நின்றேன்.

"இப்ப தோளு அசையாது. எவ்ளோ தூரம் போவுதோ அவ்ளோ தூரம் போடுங்க. யார் பாக்கப் போறாங்க?"

வீசினேன். அந்தக் காலத்தில் இருபது முழம் போன இறகு ஐந்து முழத்தில், கோரைப்புல் ஓரத்தில் பொத்தென்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவதோ எட்டாவதோ, என் கால் கட்டைவிரலுக்குச் சற்றே எதிரில், தண்ணீர் லேசாகச் சுழித்து நூல் இழுத்தது. இத்தனை வருஷமும் நான் இந்தக் கெண்டைகளின் தலைக்கு மேலேதான் ஏரி நடுவுக்கு வீசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

கட்டின கையால் மேலே இழுக்க முடியவில்லை. கீதாஞ்சலிதான் சேற்றில் இறங்கி நூலைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை, துள்ளி அவள் முகத்தில் தண்ணீர் அடித்தது.

"இதுக்கா அத்தை இவ்ளோவும்?"

"இதுக்குத்தாம்மா."

அவள் அதைக் கொக்கியிலிருந்து கழற்றித் திரும்பவும் தண்ணீரில் விட்டாள். குழம்புக்குப் பத்தாது. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துண்டு ரொம்ப இறுக்கமாக இருக்கிறதா, அவிழ்த்துவிடவா என்று கேட்டாள்.

இறுக்கமாகத்தான் இருந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததால், இல்லை என்று சொல்லிவிட்டேன்.